தெற்குச் சுவர்த் தாள்கள்

பேராசிரியர் தமயந்தி மேடம் இறந்து ஆறு மாதம் ஆகிறது. வரலாற்றுத் துறையில் அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அவர் புத்தகங்களைப் பற்றி எழுத, படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். துறையில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே ஒரு விஷயம் எழுதுகிறேன். அது எனக்கும் மேடத்துக்கும் ஒரு கிராமத்துக்கும் நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். மாகறலுக்கு அப்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள்

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். வீட்டில் இரண்டு தறி. இரண்டிலும் அண்ணன்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாவது தறி போட இடமில்லை. அதனால் நான் கல்லூரிக்கு வேலைக்குப் போனேன்.

முதல் நாள் மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு சுருட்டிய தாளைப் பிரித்துக் காட்டினார். முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளை வெள்ளையாக எழுத்து.

"பழைய எழுத்து படிப்பீங்களா தாமோதரன்?"

"இல்ல மேடம். பேப்பர் படிப்பேன்."

"நல்லதாப் போச்சு. படிக்கத் தெரிஞ்சவங்க தனக்குத் தெரிஞ்ச எழுத்தையே எடுத்துக்கினு வருவாங்க. நீங்க கல்லுல இருக்கிறத எடுத்துக்கினு வாங்க."

அவர் பேச்சைக் கேட்டு ஆச்சரியமாக இருந்தது. அவரும் இந்தப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண்தான். வகுப்பில் புத்தகத் தமிழ் பேசுவார். வெளியே வந்தால் ஊர்ப் பேச்சுதான்.

அன்றிலிருந்து என் வேலை மைப்படி எடுப்பது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் கல்வெட்டை நார் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். இரும்பு படக்கூடாது. தாளைத் தண்ணீரில் நனைத்துக் கல்மேல் ஒட்ட வேண்டும். கெட்டி பிரஷால் சீராக அடித்தால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். பாதி காய்ந்ததும் துணிப் பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். மேடு கறுப்பாகும். பள்ளம் வெள்ளையாக நிற்கும். கல் பெரிதாக இருந்தால் நாலைந்து தாள் ஆகும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் எந்தச் சுவர், எந்த அடுக்கு, எத்தனையாவது தாள் என்று பென்சிலால் எழுத வேண்டும். தாள் சுவரில் ஒட்டியிருக்கும்போதே எழுத வேண்டும். உரித்த பிறகு எழுதக் கூடாது.

இதை மேடம் முதல் நாளே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

2. ஞாயிற்றுக்கிழமைகள்

வாரத்தில் ஐந்து நாள் பாடம். சனிக்கிழமை ஆராய்ச்சி மாணவர்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமம். மேடம் மொபெட்டில் வருவார். நான் தாள் கட்டையும் வாளியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிடுவேன். பின்னாளில் அவர் பல்கலைக்கழகத்துக்கு மாறி, துறைத் தலைவர் ஆன பிறகும் காஞ்சிபுரத்தை விட்டுக் குடி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்படியேதான் இருந்தது. என்னையும் விடவில்லை.

சுவரில் வேலை செய்தால் ஊரில் கூட்டம் கூடும். எல்லா ஊரிலும் ஒரே கேள்வி.

"இன்னாமா, பொதையல் எங்க இருக்குதுன்னு எழுதியிருக்குதா?"

"இருக்குது பெரியவரே. அத எடுக்கிறவன் வம்சம் வெளங்காதுன்னும் எழுதியிருக்குது. படிக்கட்டுமா?"

"அய்யய்யோ, வேணாம்மா." ஆள் போய்விடுவார். சிரிக்காமல்தான் சொல்வார் மேடம்.

அவர் எழுதியதெல்லாம் இந்தச் சுற்றுவட்ட ஊர்களைப் பற்றித்தான். ராஜாக்களைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள் என்பார். ஏரி யார் வெட்டியது, மடை யார் திறந்தது, விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றியது, இதுதான் அவர் தேடியது. மாணவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "கல்லுல வாசிச்சத ஒரு பக்கம் எழுது. நீ நெனச்சத இன்னொரு பக்கம் எழுது. ரெண்டையும் கலக்காத."

3. மழை

அந்த ஊரில் சின்ன சிவன் கோயில். என் தங்கை வள்ளியை அந்த ஊர் நெசவுத் தெருவில்தான் கொடுத்திருந்தோம். அவள் கணவர் கோதண்டம்.

கோயில் மேற்குச் சுவரில் ஒரு கல்வெட்டு தொடங்கும். மூலையில் திரும்பித் தெற்குச் சுவருக்குப் போகும். ஆனால் அந்த மூலையை ஒட்டிப் பிற்காலத்தில் ஒரு மடைப்பள்ளி கட்டிவிட்டார்கள். எழுத்து அதற்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. நடுவில் உள்ளது தெரியாது. தெற்குச் சுவரில் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில் ஒரு வரிசை எழுத்து, கீழ் அடுக்கில் ஒரு வரிசை எழுத்து. இரண்டும் ஒரே அளவு. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்று மேடத்துக்கு ஊரில் வேறு வேலை. ஏரிக்கரையில் மதகுக் கல் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தார். நான் மட்டும் தாள் ஒட்டினேன். மேற்குச் சுவர் முடிந்து எண் போட்டுவிட்டேன். தெற்குச் சுவரில் மை ஒற்றி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. தாள் கரைந்துவிடும். பென்சில் எங்கே என்று தேட நேரமில்லை. எல்லாத் தாளையும் உரித்து வேட்டியில் சுற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்கு ஓடினேன். தறி மேல் கயிறு கட்டிக் காயவைத்தோம்.

காய்ந்த பிறகு எண் போட்டேன். எது மேல் அடுக்கு, எது கீழ் அடுக்கு என்று நினைவிலிருந்து போட்டேன். சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வந்திருந்தால் கேட்டிருப்பேன்.

மேடத்திடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அன்று தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து மேடம் தாளைச் சுவரோடு வைத்துச் சரிபார்க்கப் போனார். தெற்குச் சுவரில் சிமெண்ட் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். யாரோ உபயம்.

4. சாமி நின்ற தெரு

மேற்குச் சுவர் எழுத்து ஊர் ஏரியைப் பற்றியது. ஏரியை வெட்டிக் கோயிலுக்குக் கொடுத்தவர்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் சுவர் மறைத்தது. அதற்கு அடுத்தது என்று நான் எண் போட்ட தாளில் தறி நெய்பவர்கள் பெயர்கள் வரிசையாக இருந்தன. மேடம் இரண்டையும் சேர்த்துப் படித்தார். ஏரியைக் கொடுத்தவர்கள் அந்த ஊர் நெசவுக்காரர்கள் என்று எழுதினார். நடுவில் கொஞ்சம் மறைந்திருக்கிறது என்பதையும் எழுதினார். அந்தக் கடைசி வரியை ஊரில் யாரும் படிக்கவில்லை.

அந்த ஊரில் பங்குனித் திருவிழாவில் சாமி பல்லக்கில் வரும். விவசாயம் செய்யும் மேலத் தெருவில்தான் பல்லக்கை இறக்கிப் படையல் போடுவார்கள். அதை மண்டகப்படி என்பார்கள். நெசவுத் தெரு வழியாகப் பல்லக்கு போகும், ஆனால் நிற்காது. பல வருஷமாகக் கேட்டும் கிடைக்கவில்லை. "ஏரி எங்க பாட்டன் வெட்டினது, அந்தத் தண்ணியிலதான் சாமிக்கு அபிஷேகம்" என்பது மேலத் தெருப் பேச்சு.

மேடத்தின் புத்தகம் வந்ததும் கோதண்டம் அதை எடுத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போனார். பெரிய பேச்சுவார்த்தை. கடைசியில் ஆறாம் நாள் காலை நெசவுத் தெருவுக்கு என்று முடிவானது. முதல் வருஷம் தெரு முழுக்கப் பட்டு விரித்திருந்தார்கள். கோதண்டம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், நீ எடுத்த தாளாலதான் சாமி எங்க வீட்டாண்ட நிக்குது." எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அப்படி இருபது வருஷத்துக்கு மேல் நின்றது.

5. பூச்சு உதிர்ந்தது

மேடமும் நானும் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கினார்கள். மடைப்பள்ளியை இடித்தார்கள். தெற்குச் சுவர் சிமெண்டைக் கொத்தி எடுத்தார்கள். மறைந்திருந்த எழுத்தெல்லாம் வெளியே வந்தது. கோதண்டம் போன் செய்தார்.

"மச்சான், முழுசும் வந்துடுச்சு. மேடத்தக் கூட்டிக்கினு வா. எங்க பாட்டன் பேரெல்லாம் படிச்சு சொல்லட்டும். போர்டு வெக்கப் போறோம்."

மேடத்துக்கு அப்போதே முட்டி வலி. ஆட்டோ பிடித்துப் போனோம். நெசவுத் தெரு ஆட்கள் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். மேடம் உட்காரவில்லை. மேற்குச் சுவரிலிருந்து படித்துக்கொண்டே மூலை திரும்பினார். மேல் அடுக்கில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். முடிவு வரை போனார். திரும்ப மூலைக்கு வந்தார். இப்போது கீழ் அடுக்கு. குனிந்து படித்தார். பிறகு மூன்றாம் முறை மேலே படித்தார்.

என்னைப் பார்த்தார். நான் எழுத்தைப் பார்க்கவில்லை, அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும். எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா மேடம் இருக்குது?" என்றார் கோதண்டம்.

"வீட்டுக்குப் போயி எழுதிப் பாத்துட்டுச் சொல்றேன்பா. ஒரு வாரம் குடு."

ஆட்டோவில் சொன்னார். மேற்குச் சுவர் எழுத்து தொடர்வது மேல் அடுக்கில். அதன்படி ஏரி வெட்டியது ஊரார், அதாவது நிலம் வைத்திருந்தவர்கள். மேலத் தெருக்காரர்களின் முன்னோர் என்றே வைத்துக்கொள்ளலாம். நெசவுக்காரர்கள் பெயர் இருந்தது கீழ் அடுக்கில், அது வேறு கல்வெட்டு. கோயில் விளக்குக்காகத் தறிக்கு வரி வசூலிக்கச் சொன்ன உத்தரவு. யார் யாரிடம் வாங்க வேண்டும் என்ற பட்டியல்தான் அந்தப் பெயர்கள். அவர்கள் கொடுத்தது ஏரி இல்லை. அவர்களிடமிருந்து எடுத்தது வரி.

"மேடம், தெற்குச் சுவர் நம்பர் நான் வீட்ல வெச்சுப் போட்டது. மழை."

அவர் ஓரிக்கை தாண்டும்போது கேட்டார். "ஏன் சொல்லல?"

"தோணல மேடம்."

அதன் பிறகு நான் சொன்னதை எழுதாமல் விடலாம். ஆனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். "அடுத்த வாரம் மறுபடியும் சுண்ணாம்பு அடிச்சுடுவாங்க மேடம். ஸ்தபதி சொல்லிக்கினு இருந்தாரு. அப்புறம் யாருக்கும் தெரியாது."

"அடிச்சுடுவாங்க. எனக்குத் தெரியுமே. உங்களுக்கும் தெரியுமே."

அவ்வளவுதான் சொன்னார்.

6. திருத்தம்

மறுநாளே மேடம் என்னைப் புதிய தாளோடு அனுப்பினார். எல்லாச் சுவரையும் மறுபடி எடுத்தேன். இந்த முறை ஸ்தபதியை அருகில் நிற்கவைத்து எண் போட்டேன். மேடம் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நான்கு பக்கத்தில் திருத்தம் எழுதினார். என்னிடம் படித்துக் காட்டினார். "தாள்களை வரிசைப்படுத்தியதில் நான் செய்த பிழை" என்று இருந்தது.

"மேடம், நம்பர் போட்டது நான். என் பேரப் போடுங்க."

"தாள் உங்க கையில அரை நாள் இருந்துது. என் மேஜையில ரெண்டு வருஷம் இருந்துது. சேக்கக் கூடாதத சேத்தது நான்."

"இருந்தாலும் மேடம்."

"புத்தகத்துல என் பேருதான இருக்குது. திருத்தத்துலயும் அதுதான் இருக்கும்."

அவருடைய பழைய மாணவர் ஒருவர், இப்போது பெரிய பதவியில் இருப்பவர், போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "மேடம், இந்த ஒண்ணு தப்புன்னா மத்த புத்தகமெல்லாம் சந்தேகத்துல வந்துடும். நாப்பது வருஷ உழைப்பு. அட்டெண்டர் தப்புன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது."

"சந்தேகப்படட்டும். சரிபாக்கட்டும். அதுக்குத்தான உங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன்" என்று வைத்துவிட்டார்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஊரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். தபாலில் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது என்றார்.

கோயில் மண்டபத்தில் இரண்டு தெருவும் உட்கார்ந்திருந்தது. மேடம் நின்றுகொண்டே படித்தார். கல்லில் உள்ளதை முதலில். தன் பிழையை அடுத்து.

முடித்ததும் கோதண்டம் எழுந்தார். "இன்னா மேடம் இது? குடுத்ததும் நீங்க, புடுங்கறதும் நீங்களா?"

பின்னால் ஒரு பெண் குரல். "அவுங்க யாரு? அவுங்களும் ஏர் ஓட்டற வூட்டுப் பொண்ணுதான. இருபது வருஷம் கழிச்சு சொந்தம் தெரிஞ்சுடுச்சு."

மேடம் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

மேலத் தெருப் பெரியவர் முனுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "கல்லே சொல்லிடுச்சு. அப்புறம் இன்னா பேச்சு? ஆறாம் நாளு பழையபடிதான்."

"ஐயா, கல்லு ஏரியப் பத்திச் சொல்லுது. வரியப் பத்திச் சொல்லுது. சாமி எங்க நிக்கணும்னு ஒரு எழுத்தும் இல்ல. அத நீங்க ஊரா உக்காந்து பேசுங்க. என் பேர வெச்சுப் பேசாதீங்க" என்றார் மேடம்.

"உங்க பேர வெச்சுத்தானம்மா அன்னிக்குக் குடுத்தோம்" என்றார் முனுசாமி.

நான் கூட்டத்தில் பேசினவன் இல்லை. அன்று எழுந்தேன். "தாளுக்கு நம்பர் போட்டது நான். மழையில உரிச்சு வள்ளி வீட்ல காயவெச்சுப் போட்டேன். மேல கீழ மாறிடுச்சு. மேடத்துக்கு அது தெரியாது."

கோதண்டம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன் கையாலயா மச்சான்?"

"என் கையாலதான்."

"எங்க வூட்ல வெச்சா?"

"ஆமா."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நெசவுத் தெரு ஒவ்வொருவராக எழுந்து போனது. வள்ளியும் போனாள்.

ஊர் மறுபடி கூடிப் பேசியது. ஆறாம் நாள் மேலத் தெருவுக்குத் திரும்பியது.

7. ஆறாம் நாள்

பங்குனி வந்தது. ஆறாம் நாளுக்கு முந்தின நாள் மேடம் போன் செய்தார். "காலையில போவணும் தாமோதரன்."

"எங்க மேடம்?"

"நெசவுத் தெருவுக்கு."

"யாரும் பேச மாட்டாங்க மேடம்."

"பேச வேணாம். நாம செஞ்சது அங்க நடக்கப்போவுது. நாம இங்க உக்காந்துக்கினு இருக்கக் கூடாது."

வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். தெருவில் கோலம் இருந்தது, பந்தல் இல்லை. வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். எங்களைப் பார்த்தார்கள். வா என்று ஒருவரும் சொல்லவில்லை. மேடம் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். பல்லக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவருக்குக் கால் வலிப்பது தெரிந்தது. ஆட்டோவில் போய் உட்காருங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

மேளம் கேட்டது. பல்லக்கு தெருவுக்குள் திரும்பியது. தூக்கி வந்தவர்கள் தலை குனிந்துகொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் இறக்கிய இடம் வந்தபோது அவர்கள் நடை தானாகக் குறைந்தது. பழக்கம். முன்னால் போனவர் "நட, நட" என்றார். பல்லக்கு நிற்காமல் போனது. கோதண்டம் வாசலில் கும்பிட்டபடி நின்றார். பல்லக்கு தெரு முனை திரும்பிய பிறகும் கையை இறக்கவில்லை.

மேடம் அழவில்லை. எல்லா வீட்டு வாசலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனப்பாடம் செய்வதுபோல் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் வள்ளி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்தாள். மேடத்தின் பின்னால் போட்டாள். "உக்காருங்க" என்றாள். மேடம் உட்கார்ந்தார். வள்ளி என் பக்கம் திரும்பவில்லை.

அந்தத் திருத்தம் அச்சாகி வந்தது. அவர் எழுதியதில் கடைசி அதுதான். மேடம் இறந்தபோது நெசவுத் தெருவிலிருந்து கோதண்டம் மட்டும் வந்தார். மாலை போட்டுவிட்டுப் போனார். என்னிடம் இன்னும் பேசவில்லை.

மாணவர்களுக்கு நான் சொல்ல இரண்டுதான் உண்டு. தப்பு என்று தெரிந்தால் சொல்லிவிடுங்கள். இது எல்லாரும் சொல்வது. சொன்னதோடு வேலை முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகாதீர்கள். அந்தத் தப்பும் அதன் திருத்தமும் யார் வாசலில் போய் விழுகிறதோ அங்கே போய் நில்லுங்கள். நாற்காலி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நில்லுங்கள். மேடம் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.